நான்காவது ரீங்காரம்

கொல்கத்தாவின் நியூ டவுனில், பன்னிரண்டாம் மாடியில் காலை வெயில் பாயின் ஓரத்தைத் தொடுகிறது. யோகா வகுப்பில் நான்கே பேர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்; மூச்சை வண்டுபோல் ரீங்கரித்து விட வேண்டும். செல்வராணியின் காதில் விழுவது மூன்று ரீங்காரம்தான். பைபாஸ் செய்துகொண்ட கிரிதர் சாருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறிக் கண்ணைத் திறக்கிறாள். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். அவரும், பயிற்சி தரும் மிதாலி தீதியும், கூடப் பயிலும் அனன்யாவும் ரீங்காரத்தை நிறுத்திவிட்டு இவளையே பார்க்கிறார்கள். "நீங்கதாம்மா மூச்சை வெளியவே விடல," என்கிறார் கிரிதர். கணவர் இறந்ததிலிருந்து, இங்கே வருமுன் போய்வந்த சால்ட் லேக் வகுப்பின் பெரிய கூடத்தில், நூறு பேரோடு தானும் ரீங்கரிப்பதாகவே நினைத்திருந்தாள். தீதியின் கை முதுகில் படுகிறது. வாய் திறக்கிறது. சாவு வீட்டில் வராத ஓலம் இப்போது கிளம்புகிறது. அதைக் கேட்டு முதலில் திடுக்கிடுவது அவள்தான்.