வலியை நேரில் காட்டவும்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. புற்றுநோய்க்காரர்களின் வலிக்குக் கஞ்சாத் தைலம் கொடுக்கலாம் என்று அரசாங்கம் விதி போட்டது. வலி உண்மைதானா என்று அதிகாரி நேரில் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று கூடவே இன்னொரு விதியும் போட்டது. தவசீலியின் புருஷன் ஞானதுரையோ படுக்கையில் புரளக்கூட முடியாதவர்.

"ஆளக் கூட்டிட்டு வாம்மா. வலியப் பாக்காம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"அவரத் தூக்குனா உசுரே போயிரும் சார்."

"அப்ப வலிய மட்டும் கொண்டு வா" என்று சிரித்தார் அதிகாரி.

தவசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய், புருஷனின் இடுப்பிலிருந்த வலியை அப்படியே வழித்துத் தூக்குவாளியில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். வாளியை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள்.

அவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். வலி தாவி அவர் இடுப்பில் ஏறிக்கொண்டது. நாற்காலியோடு சரிந்து விழுந்து, "அந்தத் தைலத்த எடுங்கய்யா" என்று அலறினார். அதிகாரி தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற விதியைக் குமாஸ்தா நிதானமாக வாசித்துக் காட்டினார்.

தவசீலி எதிர்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவசரமில்ல சார். வலி உண்மைதானான்னு நல்லாப் பாத்துட்டே சொல்லுங்க."

தூக்குவாளிக் கதை மட்டும்தான் பொய்ச் சத்தியம். ஞானதுரையின் வலி, அந்த மனுஷன் சாகிறவரை ஒரு நொடிகூட அவரை விட்டு இறங்கவில்லை.