ஏட்டையாவின் குதிகால்

"சுவரு விழாது ஏட்டையா, தைரியமாத் தள்ளுங்க" என்றான் நோயல்.

அல்சூர் ஏரிக்கரைச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்ற சுப்ரமணியன் ஏட்டு அல்ல, வெறும் கான்ஸ்டபிள். ஆனாலும் அவர் திருத்தவில்லை. வேலையே போகப்போகிற நேரத்தில் ஓசியில் கிடைக்கும் பதவி உயர்வை யார் வேண்டாம் என்பார்கள்?

பட்டாளம் தங்கியிருக்கும் தண்டுப் பகுதி மார்க்கெட்டில் ஜேப்படித் திருடர்களைத் துரத்தித் துரத்தியே அவருடைய குதிகால் நரம்பு கெட்டுப்போயிருந்தது. இத்தனை வருஷ ஓட்டத்தில் அவர் பிடித்து வந்தது ஒரே ஒரு இடது கால் செருப்பு. அதுவும் ஓடினவன் விட்டுவிட்டுப் போனது. ஸ்டேஷன் அலமாரியில் அது சாட்சிப் பொருளாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டருக்கு முகம் இன்னும் சிவக்கும். கடைசியில் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிச் சனிக்கிழமை பரேடு மைதானத்தை நிற்காமல் நாலு சுற்று ஓடிக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டில் மனைவி ருக்குவுக்கு நிறைமாதம்.

அன்று மாலை சுப்ரமணியன் ஏரிப் படிக்கட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பிடித்துக்கொண்டு முனகியபோது, தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் இந்த நோயல். ஒல்லியான ஆசாமி. வாய் ஓயாது.

தன் வெறுங்காலையே நீட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். குதிகாலுக்கு மேலே நரம்பை விரல்களால் பிடித்து, கெண்டைக்கால்வரை மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு காலி சோடா பாட்டிலைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து உருட்ட வேண்டும். வலித்தால் விட்டுவிட வேண்டும், வீரம் காட்டக் கூடாது. சுவரைத் தள்ளும்போது பின்னங்கால் குதி தரையைவிட்டு எழும்பக் கூடாது.

சர்க்கார் ஆள் ஒருவர் தினமும் வந்து சுவரைத் தள்ளுவதைப் பார்த்துத் துணி துவைக்கிற பெண்கள் சிரித்தார்கள். வீட்டில் பாட்டில் உருளுகிற சத்தம் கேட்ட ருக்கு, மனுஷன் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று ஒருநாள் கேட்டார் சுப்ரமணியன்.

"எனக்கும் இதே வலிதான் ஏட்டையா. ஓட்டம்தானே நம்ம பொழப்பு. ரேஸ் குதிரைக்குக் கால் தேய்க்கிற ஆள்கிட்டக் கத்துக்கிட்டேன்."

பந்தயங்களில் ஓடுகிறவன் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். குதிரை வைத்தியம் என்பது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் வலி குறைந்திருந்தது.

"ஓடும்போது நீங்க குதியை முதல்ல தரையில அடிக்கிறீங்க. அதான் கோளாறு" என்றான் நோயல்.

"நான் ஓடி நீ எங்கே பாத்தே?"

"மார்க்கெட்ல உங்க காலடிச் சத்தம் கேக்காதவங்க யாரு?"

சனிக்கிழமை வந்தது. மூன்றாவது சுற்றில் குதிகால் சுருக்கென்றது. நோயல் சொன்னபடி முன்பாதத்தை ஊன்றிச் சமாளித்து நாலு சுற்றையும் முடித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் நம்ப முடியாமல் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அதே வேலை, அதே மார்க்கெட் என்று உத்தரவாகிவிட்டது.

மாலையில் மைசூர் பாகுப் பொட்டலத்தோடு ஏரிக்கரைக்கு வந்த சுப்ரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் குடும்பத்தையே காப்பாத்திட்டேப்பா. உனக்கு என்ன வேணும், கேளு. என்னால ஆனதைச் செய்யறேன்."

"எனக்குத்தான் பெரிய நிம்மதி ஏட்டையா" என்றான் நோயல். "நீங்க போயிருந்தா உங்க இடத்துல எவனாவது வாலிபனைப் போட்டிருப்பாங்க. என் குதிகால் இருக்கிற இருப்புக்கு அது தாங்குமா?"

சுப்ரமணியனுக்கு ஒன்றும் புரியவில்லை.

நோயல் மைசூர் பாகைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, தன் வெறுங்காலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு கேட்டான்.

"ஸ்டேஷன் அலமாரியில இருக்கே, அந்த இடது செருப்பு... அதை மட்டும் எடுத்துத் தர முடியுமா? அதோட ஜோடி வீட்டுல தனியாக் கிடக்குது."