சனிக்கிழமைகளில் தியேட்டர்

"பெண்சாதியின்ரை சப்பாத்தைத் தைக்கக் காசில்லை. இவருக்கு வாரம் தவறாமல் நாடகம் வேணும்."

அருள்நாயகி திட்டியது, செத்து இருநூறு வருடத்துக்கு மேலான ஒரு வெள்ளைக்காரனை.

பெயர் தோமஸ் பெல். வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தவன். 1768இல் அவன் எழுதிய வீட்டுக் கணக்கு லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அருள்நாயகி வாரத்தில் ஒருநாள் அங்கே போவாள். அந்தப் பழைய கையெழுத்தை வரி வரியாக வாசித்துக் கணினியில் ஏற்றுவாள். சம்பளமில்லாத தொண்டு.

நிலக்கரி. தேயிலை. பிள்ளைக்கு இருமல் மருந்து. 'மனைவியின் சப்பாத்துக்கு அடி போட, அடுத்த மாதம்.' அடுத்த மாதமும் அதே வரி. ஆனால் வேறு சில தாள்களில், சனிக்கிழமை தவறாமல், 'தியேட்டர், ஒரு ஷில்லிங்.'

கோபம் பெல்லின் மேல் மட்டும் இல்லை.

தொண்ணூற்றொன்றில், லண்டனுக்கு வந்த புதிதில், அப்டன் பார்க்கில் கடைக்கு மேலே ஒற்றை அறை. கைப்பிள்ளை. மீற்றரில் நாணயம் போட்டால்தான் ஹீட்டர் சூடாகும். மன்னாரில் ஆங்கில வாத்தியாராக இருந்த அவள் கணவர் பஸ்தியாம்பிள்ளை, இங்கே பெற்றோல் ஷெட்டில் நின்றார். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் சவரம் செய்து, சப்பாத்தைத் துடைத்து, "தியேட்டருக்குப் போறன்" என்று வெளிக்கிடுவார்.

என்ன நாடகம் என்று அவள் கேட்டதில்லை. கேட்கப் பிடிக்கவுமில்லை. பிறகு முப்பது வருடமாக, வீட்டில் எந்தச் சண்டை தொடங்கினாலும் அந்தத் தியேட்டரில்தான் போய் முடியும். அவர் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

காப்பகத்தில் வேலை செய்யும் ஷெறோன் அவளுடைய புறுபுறுப்பைக் கேட்டு எழும்பி வந்தாள். திரையில் தாளின் தலைப்பைப் பெரிதாக்கினாள். மங்கிப்போன எழுத்து மெல்லத் தெளிந்தது.

"அன்ரி, இது செலவுப் பக்கம் இல்லை. வரவுப் பக்கம்."

அருள்நாயகி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஷெறோன் இன்னொரு வரியைக் காட்டினாள். ஷில்லிங்குக்குக் கீழே பொடி எழுத்தில், 'மெழுகுதிரி வெட்டியதற்கு.' அந்தக் காலத்துத் தியேட்டர்களில் நூற்றுக்கணக்கில் மெழுகுதிரி எரியும் என்றும், திரி கருகக் கருக வெட்டிவிட ஒரு ஆள் வேண்டும் என்றும் அவள் விளக்கினாள். பகலில் பேனா பிடித்த பெல், சனிக்கிழமையில் திரி வெட்டப் போயிருக்கிறான்.

அருள்நாயகி அதற்குமேல் ஒரு வரியும் ஏற்றவில்லை.

வீடு திரும்பும் ஸ்ட்ரெதம் பஸ்ஸில் மேல்தட்டில் இருந்தபோது அந்த ஒற்றை அறை திரும்ப வந்தது. தியேட்டரிலிருந்து வந்ததும் கைப்பிள்ளையை வாங்கி மடியில் போட்டபடியே அவர் நித்திரையாகிவிடுவார். நாடகம் பார்த்த களைப்பு என்று அவள் மனதுக்குள் கறுவுவாள். அந்த வருடம்தான் அவளுடைய தம்பியை லண்டனுக்கு எடுப்பிக்கும் காசும் எப்படியோ சேர்ந்தது. முதலாளி போனஸ் தந்தவர் என்றார். ஒரு பால் தேத்தண்ணிக்கும் கணக்குப் பார்த்த முதலாளி.

இது ஏன் அப்போது உறைக்கவில்லை?

வீட்டில் பஸ்தியாம்பிள்ளை சம்பலுக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். எழுபது வயதிலும் விரல்கள் பொறுமையாக நடந்தன. அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"இஞ்சாருங்கோ. அந்த நாளில சனிக்கிழமையில போய்ப் பாத்த நாடகங்களில எது நல்லம்?"

வழக்கமான சண்டையின் தொடக்கம் என்று நினைத்திருப்பார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். சண்டைக்கான முகம் அதில் இல்லை.

கத்தியை மெல்லப் பலகையில் வைத்தார்.

"நான் ஒண்டும் பாக்கேல்லை, நாயகி. அடுத்த காட்சிக்கு முதல் கூட்டித் துடைச்சு முடிக்கவேணும். சனம் எல்லாம் எழும்பிப் போனாப் பிறகுதான் எங்களை உள்ளுக்கு விடுவினம்."