தெப்பக்குளத்தில் நிற்கும் வண்டி

புதுப் பெண்டாட்டி மாயக்காளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், சின்னச்சாமியின் மோட்டார் சைக்கிள் வண்டியூர்த் தெப்பக்குளத்தருகே இழுவை குறைந்து நின்றுவிடும். இருவரும் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் மறுபடி கிளம்பும்.

மெக்கானிக் ஆண்டிச்சாமி பெட்ரோல் டாங்க் மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, மூடியில காத்துப் போற ஓட்டைய யாரோ மெழுகு வச்சு அடைச்சிருக்காக. காத்து உள்ள போனாத்தானே பெட்ரோல் இறங்கும்?"

"எவன் பாத்த வேலை இது?" சின்னச்சாமி கொதித்தான்.

பின்னால் நின்ற மாயக்காள் அவன் சட்டையை இழுத்து, காதோரம் சொன்னாள்: "நாந்தான். வீடு நெறைய ஆளுக. உங்ககிட்டப் பேச எனக்கு வேற எடம் ஏது?"

கோபம் போன இடம் தெரியவில்லை.

வீட்டு வாசலிலேயே அப்பா மறித்தார். "பழுது என்னன்னு தெரிஞ்சுச்சாடா?"

"இல்லப்பா. தெனமும் சாயங்காலம் பின்னால ஆள ஏத்திக்கிட்டு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியுமாம்."