இடப்பக்கம்

மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பியதும் நிறுத்தினான். பல் துலக்கினான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினான். டீ குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

பிறகு பழைய செய்தித்தாள்களை எடுத்துக்கொண்டு போர்டிகோவுக்குப் போனான்.

ஸ்கூட்டர் அங்கேதான் நின்றது.

இடப்பக்கம் நீலம். வலப்பக்கம் வெளிறிய பழைய சிவப்பு.

கடைக்காரர் கருநீலம் என்றுதான் கொடுத்தார். அவன் மனைவிதான் அதை மயில்கழுத்து என்றாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ஸ்ப்ரே டின் வாங்கி வந்திருந்தாள். இருவருமே அதுவரை ஒரு ஜன்னல் கம்பிக்குக்கூடப் பெயிண்ட் அடித்ததில்லை. இடப்பக்கத்தை அவள் அடித்தாள். வலப்பக்கம் அவனுக்கு என்று விட்டு வைத்தாள்.

அவன் கிரிக்கெட் பார்த்தான்.

மறுநாள் வண்டி பாதி அடித்தபடியே நின்றது. அவள் வேலைக்குப் பஸ்ஸில் போனாள். பஸ் பழக்கமில்லாதவள். இறங்கியதும், நின்றிருந்த பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடந்தாள்.

பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு லாரி வந்தது.

இப்போது அவள் தங்கைக்கு வேலை கிடைத்திருக்கிறது. வண்டியைக் கொடுக்க முடியுமா என்று அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டாள். மிச்சத்தையும் அடித்துத் தருகிறேன் என்றான்.

வாங்கிப் போக அத்தை காலையிலேயே வந்துவிட்டாள். படியில் உட்கார்ந்தாள்.

அவன் உப்புத்தாளை நனைத்து வலப்பக்கத்தைத் தேய்த்தான். சிவப்பு கரைந்து தரையில் ஓடியது. அதைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினான்.

துடைத்தான். காயவிட்டான். விளக்குக்கும் சக்கரத்துக்கும் செய்தித்தாள் ஒட்டினான். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு டின்னைக் குலுக்கினான். உள்ளே குண்டு உருண்டது.

அழுத்தினான்.

ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. வீடியோவில் சொன்னார்கள். அவன் நிறுத்திவிட்டான். நீலம் திரண்டு வழிந்தது. துணியால் ஒற்றினான். இன்னும் மோசமானது.

பாப்பா அடித்த பக்கத்தில் ஒரு சொட்டு வழிந்திருக்கிறதா பாருங்கள் என்றாள் அத்தை. லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

இரண்டு பக்கத்தையும் தேய்த்துச் சேர்த்து அடித்தால்தான் நிறம் ஒன்றுபோல வரும். அதையும் வீடியோவில் சொன்னார்கள்.

உப்புத்தாளோடு இடப்பக்கம் போனான். குனிந்தான்.

சீட்டுக்குக் கீழே, நீலத்தில், ஒரு பெருவிரல் தடம். ரேகைகூடத் தெரியும்.

அதைக் கண்டுபிடித்தது அத்தைதான். கருமாதி அன்று. அதுவரை அவள் அழவே இல்லை. எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். வண்டியைத் தடவிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றாள். எம் பொண்ணு வெரலு, எம் பொண்ணு வெரலு என்று உட்கார்ந்து கதறினாள். இப்போதாவது அழுதாளே என்றார்கள்.

அவனும் அங்கேதான் நின்றான்.

சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்தாள். தடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உப்புத்தாள் வண்டியில் படுவதற்குள் அத்தை எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

“அதுல மட்டும் கை வெக்காதீங்க மாப்ள. எம் பாப்பாளுதுன்னு எனக்கு இருக்கறதே அவ்வளவுதான்.”

உப்புத்தாளைக் கீழே போட்டான்.

அத்தை தன் பெருவிரலைத் தடத்தின் மேல் வைத்தாள். அவளுடையதும் மகளுடையதைப் போலவே மெல்லிய விரல். தடம் அதைச் சுற்றி வெளியே தெரிந்தது.

அவன் தன் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

அன்று போகும்போது பாப்பா என்ன சொன்னாள் என்று அத்தை கேட்டாள். வரும்போதெல்லாம் கேட்பது.

போயிட்டு வர்றேன்னு சொன்னா என்றான். எப்போதும் சொல்வது.

அத்தை தலையை ஆட்டினாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் அதைச் சொல்லவில்லை.

கேட்டைத் திறந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். வண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“இன்னும் காயலைங்க. நான் போனதுக்கப்பறம் தொட்டுப் பாத்துப்போடாதீங்க.”