மேலிருந்த நான்கு வரிகள்

'மார்ச் 15, ஞாயிறு. ஒரு சின்னத் தவறு. அக்டோபரில் செய்தது, இன்றுதான் எழுதுகிறேன். கோப்புகளைச் சுத்தம் செய்தபோது, ஒவ்வொன்றின் மேலேயும் இருந்த நான்கு வரிகளைக் கவனக்குறைவாக நீக்கிவிட்டேன். மொத்தம் 212 கோப்புகள்.'

நாட்குறிப்பில் எழுதியதைத் தங்கை இரண்டு முறை வாசித்தாள். கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருந்தது.

மேசையின் மறுமுனையில் அக்கா மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த 212 கோப்புகளும் அக்கா எழுதியவை. மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருள். ஆறு வருஷ உழைப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தாள். மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். நிபந்தனை ஒன்றுதான்: எழுதியவர் பெயரும் உரிமக் குறிப்பும் உள்ள அந்த நான்கு வரிகளில் கை வைக்கக் கூடாது.

அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மருத்துவமனைகள் அக்காவைத் தேடி வரும். மென்பொருள் இலவசம். அதை நிறுவித் தருவதும் பராமரிப்பதும்தான் அவள் பிழைப்பு.

இந்த வாரம், அவளுடைய பெரிய வாடிக்கையாளரான கண் மருத்துவமனை அவளைக் கைகழுவிவிட்டது. வேறொரு நிறுவனம் 'சொந்தத் தயாரிப்பு' ஒன்றை வைத்திருக்கிறதாம். அதன் மாதிரிப் பக்கத்தைத்தான் அக்கா திறந்து வைத்திருந்தாள்.

"ஏய், இங்க வாடி! பகல் பன்னிரண்டுக்குப் பதிவு பண்ணா ராத்திரி பன்னிரண்டுன்னு காட்டுது. இது என்னோட பிழை! பெத்தவளுக்குப் பிள்ளையோட மச்சம் தெரியாதா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே அந்த நிறுவனத்துக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதத் தொடங்கினாள். முகவரிக்காகப் பக்கத்தின் அடிக்குப் போனாள்.

சிரிப்பு நின்றது.

தங்கை வேலை பார்க்கும் நிறுவனம்.

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு கடிதத்தைப் பார்த்தாள். ஒரே அழுத்தில் அதை அழித்தாள்.

"உங்க மேனேஜர் பலே ஆளுதான். விடு, ஒரு ஆஸ்பத்திரி போனா என்ன, குடியா முழுகிடும்? உனக்கு முதல் வேலை, இன்னும் ஆறு மாசம்கூட ஆகல. நீ எதுவும் கேட்டு மாட்டிக்காதே, என்ன?"

சொல்லிவிட்டு, தேநீர் போட எழுந்து போனாள். கண் மருத்துவமனை போனால் அக்காவுக்குப் பாதி வருமானம் போனது மாதிரி. அது இருவருக்குமே தெரியும்.

தங்கை பேனாவைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மேலாளர் எதையும் திருடவில்லை. நேர்முகத் தேர்வில் அந்த மென்பொருளை அவர் முன்னால் ஓட்டிக் காட்டி, "மாலை நேரக் கணினி வகுப்புக்காக நானே எழுதினது, சார்" என்று சொன்னவள் இவள்தான். அவர் அப்படியே நம்பினார். எழுந்து கைகுலுக்கினார். வேலையும் கொடுத்து, அதையே நிறுவனத்தின் தயாரிப்பாக்கினார்.

அதற்கு முந்தின நாள், இதே மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, அக்காவின் பெயரை 212 முறை அழித்திருந்தாள். பக்கத்து அறையில் அக்கா இவளுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பேனா மறுபடி தாளைத் தொட்டது.

'நாளை, திங்கள். காலை ஏழு மணி: அக்காவிடம் சொல்ல வேண்டும். ஒன்பது மணி: மேலாளரிடம்.'