ஞாயிற்றுக்கிழமைக்கு முன்

“அவுரே வக்கீல் வெக்கல சார். நா மட்டும் வெச்சா அது துரோகமில்லியா?”

உட்கார்ந்ததும் கயல் கேட்டது இதைத்தான்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இருபத்திரண்டு வருடமாக இங்கே குமாஸ்தாவாகக் குப்பை கொட்டுகிறேன். விவாகரத்து என்று வருகிறவர்கள் புருஷனையோ பெண்டாட்டியையோ கிழிகிழியென்று கிழிப்பார்கள். புருஷனுக்குப் பரிந்து பேசிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

அடையாறில் ஒரு பியூட்டி பார்லரில் வேலையாம். பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்தப் பழக்கத்தில் எங்கள் முன்னாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டே பேசினாள்.

கோர்ட்டுக்குப் போனால் மானம் போய்விடும், நம்ம ஆட்களை வைத்தே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று புருஷன் சொல்லியிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் மாமா வீட்டில் பெரியவர்கள் கூடுகிறார்கள். எல்லார் முன்னாலும் அவள் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வயது மகள் அவனோடு இருப்பாள். பத்திரத்தை இன்னும் இவள் கண்ணில் காட்டவில்லை.

எங்கள் சார் நெடுஞ்செழியனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையைக் கேட்கும் முன் எதிராளியின் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார். அன்று கயல் மூச்சு விடாமல் கொட்டியதில் அவரால் நடுவே புக முடியவில்லை. கடைசியில்தான் கேட்டார்.

அவள் சொன்னாள்.

சாரின் பேனா நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இந்தக் கேஸை நான் எடுத்துக்க முடியாதும்மா. காரணம் கேக்காதே. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வேற ஒரு வக்கீலைப் போய்ப் பாரு.”

வேறொரு பெண் வக்கீலின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். கயல் அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. எடுத்து நடத்துகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை, அதனால்தான் சார் ஒதுங்குகிறார் என்று நினைத்துவிட்டாள். புருஷனைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டவளைப்போல எழுந்து கும்பிட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. படிக்கட்டு வரை பின்னாலேயே போனேன். அந்த வக்கீலம்மாவை எப்போது பார்க்கப் போகிறாய் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை பார்லர் லீவு, அன்றைக்குப் பார்க்கலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போம்மா, இப்போதே போம்மா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அதற்கு மேல் சொல்லக்கூடாது. ஒரு கட்சிக்காரர் விஷயத்தை இன்னொருவரிடம் வாய் திறந்தால் சார் மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பினாலும் தப்பில்லை.

கயல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முதல் முறையாகக் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

“பயப்படாதண்ணே. பாப்பாவ எப்ப வோணா வந்து பாத்துக்கலாம்னு பத்திரத்துலயே எய்தியிருக்காராம்.”

இறங்கிப் போய்விட்டாள்.

பத்திரத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. போன வியாழக்கிழமை அவள் புருஷன் இங்கே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அதை டைப் அடித்தவன் நான்தான்.